பூங்கோதைக்குப் பதிலாக உட்கார்ந்தவர்

பெருந்தொற்று வந்ததிலிருந்து ஈரோட்டில் எந்த வீட்டு வாசற்கதவும் கழிப்பறைக் கம்மோடைக் கேட்காமல் திறப்பதில்லை. காலையில் பேரைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அது சோதித்துப் பார்த்து, தொற்று இல்லையென்றால்தான் வெளியே விடும். பூங்கோதைக்கோ குடல் அழற்சி. அவளுக்கு வயிறு கலங்கும்போதெல்லாம் அதையும் தொற்று என்றே எண்ணிக் கதவைச் சாத்திவிடும். இன்று ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய நாள். நேற்றிலிருந்தே வயிறு சரியில்லை.

"ஏனுங்க, எம் பேரச் சொல்லிட்டு நீங்க போய் உக்காருங்களேன்."

கணவர் ஞானசேகரனுக்குத் தன் வயிற்றின் மேல் தனிப் பெருமை. அவள் கழிப்பறைக்கு எழுந்து போகும்போதெல்லாம் "மறுபடியுமா?" என்று கேட்கிற ஆள். பேப்பரை எடுத்துக்கொண்டு ராஜநடையில் போனார்.

"பூங்கோதைக்குத் தொற்று உறுதி" என்றது கம்மோடு.

வெளியே வந்தவரின் முகம் வெளிறியிருந்தது.

"வெளிய எங்கீங்க போய்ட்டு வந்தீங்க?"

"முக்குக் கடைல ரெண்டே ரெண்டு பஜ்ஜி..."

கொத்தமல்லித் தழையைக்கூட சோப்புப் போட்டுக் கழுவ வைத்த மனிதர்!

பூங்கோதை டாக்டரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள்.

"நீங்களா மருந்த நிறுத்தீராதீங்க. உங்களச் சோதிச்சுட்டு ஊசி போட நர்ஸ அனுப்பறேன். மொதல்ல அவர உள்ரூம்ல போட்டுப் பூட்டுங்க" என்றார் டாக்டர்.

மத்தியானத்துக்குள் ஞானசேகரனின் வயிறு கலங்கியது. உள்ரூமை ஒட்டிய கழிப்பறைக்கு அவர் ஓடுவதும் வருவதும் வெளியே கேட்டது. கடைசியில் பூங்கோதை சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவருகே போய் நின்றாள். வாயைத் திறக்குமுன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மறுபடியுமான்னு மட்டும் கேட்டுறாத, கண்ணு."