பிரவுசரை நீக்கிய நாகவல்லி

பால் கட்டி நாகவல்லிக்கு மார்பு கல்லாய்க் கனத்தது. கிடங்கு மூலையில் தூளியில் கிடந்த நாலு மாசக் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மூட்டை தூக்கக் கம்பெனி மாட்டிவிட்ட இரும்புச் சட்டையோ கழுத்திலிருந்து இடுப்புவரை பூட்டிக்கொண்டு, எத்தனை குத்து விட்டாலும் திறக்க மறுத்தது.

சட்டைக்குள்ளேயே ஒரு பிரவுசர் இருந்தது. குனிந்தால் விளம்பரம், நிமிர்ந்தால் விளம்பரம். அந்த அலறலில் குழந்தை தூங்கவில்லையென்று காலையில்தான் அதை நீக்கினாள். சட்டையின் கொக்கியைத் திறக்கும் வலைப்பக்கமும் அதில்தான் வரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

உதவி எண்ணில் ஒரு குரல் குழைந்தது. "பிரவுசரை மறுபடி ஏத்திடுங்க மேடம். உங்க சட்டைக்கே லிங்க் அனுப்பியிருக்கேன்."

"லிங்க்கை எதுல திறக்கிறது?"

"பிரவுசர்ல மேடம்."

"அதைத்தானேய்யா எடுத்துத் தொலைச்சேன்!"

"புரியுது மேடம். லிங்க்கை இன்னொரு தடவை அனுப்புறேன்."

பக்கத்தில் அதே மாதிரிச் சட்டையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த எஸ்தர் சிரித்துவிட்டாள். "விடுக்கா, அவனையே வந்து பால் குடுக்கச் சொல்லு."

ஒருத்தி சட்டையை இன்னொருத்தி திறக்க வழியில்லை. அறுத்தால் வேலை போய்விடும். எஸ்தர் தன் பிரவுசரில் கொக்கிப் பக்கத்தைத் திறந்தாள். பல்பொடி விளம்பரம் ஒன்று பாடி முடிக்கும்வரை காத்திருந்து சட்டையைக் கழற்றினாள். தூளியிலிருந்து குழந்தையை எடுத்துத் தன் மார்பில் போட்டுக்கொண்டாள்.

அழுகை நின்றது. நாகவல்லியின் பால் இரும்புக்குள் வழிந்து வயிற்றை நனைத்தது.

எஸ்தருக்கும் வீட்டில் கைக்குழந்தை உண்டு. அதற்கு நாகவல்லி ஒரு வேளைப் பால் கடன்பட்டிருக்கிறாள்.