மூன்றாவது ஜோடி

முதல் ஜோடி ஸ்பீக்கரே போதும் என்று மகள் சொல்லிவிட்டாள். சிடி அப்போதுதான் சுற்ற ஆரம்பித்திருந்தது.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்பனின் பையில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்த பெண். செருப்பானாலும் சரி, செல்போனானாலும் சரி, கடையில் விலை குறைந்தது எதுவோ அதுதான் அவளுக்குப் பிடிக்கும்.

ஆனால் நான் ஒரு முடிவோடு வந்திருந்தேன்.

வீட்டு ஸ்பீக்கர்கள் டிவிக்குக் கீழே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பவை. எதைப் போட்டாலும் டப்பாவுக்குள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். உங்களுக்கு எப்போது காது முளைத்தது என்று மனைவி கேட்டாள். மகளின் வயலினைக் கேட்டுத்தான் முளைத்தது என்றேன்.

உண்மைதான். இந்த வாழ்க்கையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்று உண்டென்றால் அது அவள் மேடையேறி வாசிப்பதுதான். லென்ஸ் மாற்ற வருகிறவர்களைக்கூட நான் விடுவதில்லை. பிரேமைக் காதில் மாட்டிவிட்டு அவள் கதையைச் சொல்லித்தான் அனுப்புவேன்.

அவளுடைய கடைசிக் கச்சேரியின் சிடியைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். ஸ்பீக்கர் வாங்கப் போகிறவன் தனக்கு மனப்பாடமான இசையைத்தான் போட்டுப் பார்க்க வேண்டுமாம். எனக்கு மனப்பாடம் இது ஒன்றுதான். இது வேண்டாம், போனில் இருக்கிற பாட்டைப் போடலாம் என்று கிளம்பும்போதே மகள் கெஞ்சினாள். கூச்சம். பெற்றவனுக்குத் தெரியாதா?

இரண்டாவது ஜோடியில் ஒலி நன்றாகவே தெளிந்தது. அவள் வித்தியாசமே தெரியவில்லை என்றாள். நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிற எனக்குத் தெரிகிறது, வயலின் வாசிக்கிறவளுக்குத் தெரியவில்லையாம். என் காசை மிச்சம் பிடிக்கப் பொய் சொல்கிறாள் என்று உருகிப்போனேன்.

கடைக்காரர் விவரமான மனிதர். மூலையில் ஒரு ஜோடி இருக்கிறது, காட்சிக்கு வைத்திருந்தது, பக்கவாட்டில் கீறல் விழுந்துவிட்டது, அதனால் பாதி விலை, கேட்டுத்தான் பாருங்களேன் என்றார்.

மகள் நேரமாகிவிட்டது என்றாள். அம்மா தேடுவாள் என்றாள். தலை வலிக்கிறது என்றாள்.

ஒரே ஒரு தடவை என்று சொல்லி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கடைக்காரர் ஸ்பீக்கர்களை நன்றாகத் தள்ளித் தள்ளி நிறுத்தி, என் நாற்காலியை நேர் நடுவுக்கு இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டால் மேடையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம் என்றார். வாசிப்பது என் மகள் என்று அவரிடம் ஏற்கெனவே மூன்று தடவை சொல்லியிருந்தேன்.

யார் எங்கே என்பது எனக்குத் தெரியாதா? நடுவில் மகள். இடது பக்கம், சற்றுப் பின்னால், டீச்சர். அந்த வகுப்பில் அதுதான் வழக்கம். மாணவி மேடையேறினால் டீச்சரும் கூட உட்கார்ந்து, கேட்டும் கேட்காமலும் சேர்ந்து வாசிப்பார். பிள்ளைகளுக்கு ஒரு தெம்பு.

கண்ணை மூடினேன்.

சரியான பவர் கண்ணாடியை முதல்முறை போட்டவன் மாதிரி ஆகிவிட்டேன். மேடைப் பலகை கிரீச்சிட்டது. யாரோ தாளைத் திருப்பினார்கள். வயலின் தொடங்கியது.

இடது பக்கத்திலிருந்து.

நான் சரியாக நடுவில் இல்லையோ என்று நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன். வயலின் நகரவில்லை.

அப்படியானால் நடுவில் என்ன இருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு வில் போய்ப் போய் வந்தது. துணியும் துணியும் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். நாதம் இல்லை. முதலிலிருந்து கடைசி வரை ஒரு ஸ்வரம்கூட இல்லை.

அரங்கில் முன்வரிசையில்தானே உட்கார்ந்திருந்தேன்? ஆனால் அங்கே எல்லாச் சத்தமும் தலைக்கு மேலிருந்த ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. கண் மகளைப் பார்த்தது. கண் சொன்னதைக் காது நம்பிவிட்டது.

கடைக்காரர் என் தோளைத் தொட்டார்.

"இடது பக்கம் உக்காந்து வாசிக்கிறதுதானே உங்க பொண்ணு? ரொம்ப அருமையா வாசிக்குது சார்."

ஆமாம் என்றேன். அந்தச் சொல் எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை. மகள் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

வாசலில் யாரோ கூப்பிட, கடைக்காரர் எழுந்து போனார்.

எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டேன். ஏன் என்று கேட்க வாய் வரவில்லை.

அதற்குள் கச்சேரி முடிந்து கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே, வலது ஓரத்தில், மைக்குக்கு மிக அருகில், ஒரு ஆள் விசும்பி விசும்பி அழுதான். மூக்கைச் சிந்தினான். தொண்டையைச் செருமினான்.

அந்தச் செருமல் என்னுடையது.

மகள் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் கச்சேரியில கை நடுங்கி அப்படியே நின்னுபோச்சுப்பா. டீச்சர்தான் முழுசா வாசிச்சாங்க. சொல்லிடலாம்னுதான் இறங்கி வந்தேன், நீங்க இப்படி அழுதுட்டு நின்னீங்க."