தொப்பை மகாராஜாவுக்கு ஒரு ஸ்டெப்னி

நாடகக் கம்பெனியில் அவனுக்குப் பெயர் ஸ்டெப்னி. 'தொப்பை மகாராஜா' என்ற சிரிப்பு நாடகத்தில் மகாராஜா வேடம் போடுகிறவருக்குக் காய்ச்சல், தலைவலி என்றால் அவன் மேடை ஏற வேண்டும். பாட்டு, வசனம், ஆட்டம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் பழைய மகாராஜா இருந்தாரே, மனிதர் ஒரு நாள்கூடத் தும்மவில்லை.

அவர் ஒருவழியாக ஓய்வு பெற்றபோது, "இனிமே நான்தான் மகாராஜா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாளே கம்பெனி ஒரு சினிமா நட்சத்திரத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது.

நட்சத்திரத்துக்குப் பாட வராது. அதனால் என்ன, யார் குரலிலோ பாட்டைப் பதிவு செய்து வைத்தார்கள், அவர் வாயசைத்தார். டிக்கெட் பறந்தது.

பந்தாவுக்கும் குறைவில்லை. வீட்டிலேயே மேக்கப் போட்டுக்கொண்டு, ஒட்டு மூக்கும் முறுக்கு மீசையுமாகக் காரிலிருந்து இறங்குவார். யாருடனும் ஒரு வார்த்தை பேச மாட்டார். நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நாடகம் முடிந்தால் அதே மூக்கோடு காரில் ஏறிப் போய்விடுவார்.

அன்று காலை மேனேஜர் ஸ்டெப்னியைக் கூப்பிட்டார். "சாருக்கு இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தம் போட்டாச்சுப்பா. நீ பாட்டுக்கு ஓரமா உக்காந்து டீயைக் குடி."

அந்த எரிச்சல் அடங்கும் முன் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, அக்காவும் மாமாவும் சாயங்காலம் உங்க நாடகத்துக்கு வர்றாங்க. எனக்கும் சேர்த்து முன் வரிசையில டிக்கெட் எடுத்துட்டாங்க."

"சரி."

"நீங்க எந்த சீன்ல வருவீங்கன்னு மாமா கேக்கறாரு."

அவன் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான்.

"பரவால்ல விடுங்க. நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் பாவம், சமாளிக்கிறேன் என்றாளே, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. போனை வைத்தபோது முடிவு செய்துவிட்டான். இன்று ஒரு நாள், அவள் கண் முன்னால் மேடை ஏறியே தீருவது. நாளைக்குப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகட்டும். பேப்பரில் பார்த்தாவது அது தன் புருஷன்தான் என்று தெரிந்துகொள்ளட்டும்.

நட்சத்திரத்தின் அறையை ஒட்டிய பாத்ரூமுக்கு வெளிப்பக்கமும் தாழ்ப்பாள் இருந்தது. மத்தியானமே உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு பழைய வாரப் பத்திரிகை எல்லாம் வைத்துவிட்டு வந்தான். செய்யப்போவது ஜெயிலுக்குப் போகிற காரியம்தான். அதற்காக மரியாதையில் குறை வைக்கலாமா?

சாயங்காலம் நட்சத்திரம் வந்தார். அறைக் கதவு சாத்தப்பட்டது. துணி அலமாரிக்குப் பின்னால் ஸ்டெப்னி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொப்பை கட்டிவிட்டால் பாத்ரூம் போவது பெரும்பாடு; யாராக இருந்தாலும் அதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுவார்கள். நட்சத்திரமும் போனை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

தாழ்ப்பாள் விழுந்தது.

கதவு தடதடவென்று அதிர்ந்தது. ஆனால் வெளியே வாத்தியக்காரர்கள் அதைவிட அதிகமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெப்னி தொப்பையைக் கட்டினான். தன்னிடம் இருந்த ஒட்டு மூக்கையும் மீசையையும் ஒட்டிக்கொண்டான். கண்ணாடியில் சாட்சாத் நட்சத்திரமே நின்றார். அவர் குரலை என்றைக்கோ பழகி வைத்திருந்தான்.

முதல் பாட்டுக்கு வாயசைக்கத்தான் நினைத்தான். இத்தனை காலம் அடக்கி வைத்த தொண்டை கேட்டால்தானே! பதிவு செய்த பாட்டை அமுக்கிக்கொண்டு சொந்தக் குரல் கிளம்பிவிட்டது. இரண்டாம் காட்சியில் மகாராஜா சிம்மாசனத்தில் மாட்டிக்கொள்ளும் இடத்தில் அரங்கமே அதிர்ந்தது. முன் வரிசையில் மனைவியின் அக்கா கணவர் எழுந்து நின்று விசிலடித்தார். பக்கத்தில் அவன் மனைவி சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். இந்த ஜென்மத்துக்கு இது போதும் என்று அவனுக்குத் தோன்றியது.

திரை விழுந்ததும் மேனேஜர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சார்! பின்னிட்டீங்க சார்! நீங்க வந்ததுலேர்ந்து இப்படி ஒரு நாள் பண்ணதில்ல!"

ஸ்டெப்னி தலையை மட்டும் ஆட்டிவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். மூக்கையும் மீசையையும் பிய்த்துப் போட்டான். பாத்ரூம் தாழ்ப்பாளைத் திறந்தான்.

"சார், நான்தான் உங்களைப் பூட்டி வச்சேன். போலீஸைக் கூப்பிடுங்க. என் பொண்டாட்டி முன்னாடி ஒரு தடவையாவது நடிக்கணும்னு ஆசை. நடிச்சிட்டேன். இனிமே எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

உள்ளே இருந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மூடியிருந்த அறைக் கதவை ஒரு தரம் பார்த்தார். பிறகு சட்டென்று ஸ்டெப்னியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சார், நிஜ நட்சத்திரத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம் சார்! முதல் நாளோட அவர் இந்தப் பக்கமே வரல, தினமும் அவருக்குப் பதிலா நான்தான் வர்றேன். எனக்குப் பதிலா நீங்க போனது தெரிஞ்சா, வேற ஆளைப் போட்டுடுவாரு!"