முட்டுச் சந்துச் சட்டம்

“முட்டுச் சந்துக்குள்ள இதை இழுத்துட்டு வரக் கூடாதுங்க. சட்டம் அப்படி.”

சொல்லிவிட்டு, தெருமுனைக் காலி மனையிலேயே ஜீப்பை நிறுத்தினார் மாப்பிள்ளை. ஜீப்புக்குப் பின்னால், இரண்டு சக்கரத்தின் மேல், அவருடைய புது மரம் அறுக்கும் மிஷின்.

மாமியார் வீடு சந்தின் கடைசி வீடு. காற்றில் சாய்ந்த மரம் கொல்லையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

“மரம் இருக்கிற இடத்துக்கு மிஷின் வரணும்னுதானே சக்கரம் வெச்சிருக்கு? இப்ப மரம்தான் மிஷினைத் தேடிப் போகணுமா?” என்றார் மச்சான்.

மச்சானுக்கு மரச்சாமான் கடை. தங்கை புருஷன் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மிஷின் வாங்கியதில் அவருக்கு வருத்தம். “இன்னைக்கு நீங்க அறுக்கிறதைப் பார்க்கிறேன். தேறினா கடைக்கு வேண்டிய பலகை மொத்தமும் உங்ககிட்டதான். இல்லேன்னா பேசாம என் கடைக் கல்லாவுல வந்து உட்காருங்க” என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

“கொக்கி விட்டுப்போனாலும் பிடிச்சுக்கச் சங்கிலி ரெண்டையும் குறுக்கே மாட்டியிருக்கேன். ரம்பத்தைக் கழட்டிப் பெட்டியில வெச்சேன். பின்னால லைட் எரியுதான்னு பார்த்தேன். இவ்வளவும் செஞ்சுட்டு, கடைசியில ஒரு சந்துல வந்து சட்டத்தை மீறச் சொல்றீங்களா மச்சான்?”

“மிஷின் அறுக்குதோ இல்லையோ, மாப்பிள்ளை நல்லா அறுக்கிறார்” என்று அம்மாவின் காதில் போட்டார் மச்சான்.

வேறு வழியில்லை. கடப்பாரையால் நெம்பி, கட்டைகளைச் சந்து முழுக்க உருட்டினார்கள். முன்னால் மச்சான், பின்னால் மாப்பிள்ளையும் மனைவியும். மாமியார் வழி சொன்னார்.

“இடது பக்கம்... இடது பக்கம்டா... ஐயோ, என் ரோஜாத் தொட்டி!”

“இன்னொரு தொட்டி வாங்கிக்கலாம்மா. என் இடுப்புக்கு எங்கே போறது?” என்றார் மச்சான்.

ரம்பத்தை மாட்டி, முதல் கட்டையைத் தூக்கி வைத்து அறுத்தார் மாப்பிள்ளை. வழவழவென்று இறங்கியது பலகை. மச்சான் கட்டைவிரலால் தடவினார். திருப்பிப் போட்டுத் தடவினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பார்த்தார்.

“பலகை சுத்தமா இருக்கு. ஆனா இந்தச் சந்து விஷயம்தான் எனக்கு இடிக்குது. உடம்பு வணங்காம கதை விடுற ஆளோட நான் எப்படி வியாபாரம் பண்றது?”

“அண்ணா!” என்றாள் தங்கை.

அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ் பைக் வந்து நின்றது.

“யாரோட வண்டி இது?”

மாப்பிள்ளை முன்னால் வந்தார். போலீஸ்காரர் குனிந்து சங்கிலியை ஆட்டிப் பார்த்தார். ஜீப்பில் ஏறி பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பின்னால் போய் லைட்டைப் பார்த்தார். டயரை உதைத்தார்.

“வரும்போது ரம்பம் எங்கே இருந்தது?”

“கழட்டி இந்தப் பெட்டியில வெச்சிருந்தேன் சார்.”

பேப்பர்களைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

மச்சானுக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

“சார், ஒரு சந்தேகம். முட்டுச் சந்துக்குள்ள இந்த மாதிரி வண்டியை இழுத்துட்டுப் போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

மாமியார் உடைந்த தொட்டியோடு அப்படியே நின்றார். மாப்பிள்ளை, ஏற்கெனவே இறுக்கியிருந்த கொக்கியை மறுபடியும் இறுக்கத் தொடங்கினார்.

போலீஸ்காரர் சந்தைக் கடைசிவரை பார்த்தார். மிஷினைப் பார்த்தார். கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“ஆமா, இருக்கே. உள்ளே போயிருந்தா மிஷினையே தூக்கிட்டுப் போயிருப்போம்.”

மச்சானின் முகம் மாறிப்போனது. மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க மாப்பிள்ளை. யாரும் பார்க்காத சந்துலகூட சட்டத்தைப் பார்க்கிற மனுஷன் நீங்க. கடைப் பலகை இனிமே உங்க பொறுப்பு.”

அதற்கப்புறம் மச்சானைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த கட்டையைத் தனியாகவே உருட்டிக்கொண்டு வந்தார். “மிஷினை அப்பவே வாசல்வரைக்கும் கொண்டு வந்திருந்தா என் தொட்டி பிழைச்சிருக்கும்” என்ற அம்மாவை அதட்டினார்.

“சட்டம் தெரியாம பேசாதேம்மா!”

பைக்கைக் கிளப்பப் போன போலீஸ்காரரிடம் மாப்பிள்ளை ஓடினார்.

“சார், ரொம்ப...”

“காலையில பெட்ரோல் பங்க்ல வண்டியைப் பின்னால எடுக்கத் தெரியாம, வந்தவங்க எல்லாரையும் ஒதுங்கச் சொல்லிட்டிருந்தது நீங்கதானே?”

மாப்பிள்ளை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். யாரும் பக்கத்தில் இல்லை.

“முன்னால நல்லாப் போகுது சார். ரிவர்ஸ் எடுத்தாத்தான், நான் ஒரு பக்கம் திருப்பினா அது வேற பக்கம் போகுது. இந்தச் சந்துல உள்ளே போயிட்டா வெளியே வர்றது எப்படி? இவங்க முன்னால...”

“புரியுது. ஸ்டேஷனுக்குப் பின்னால மைதானம் சும்மாதான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க, பழகிக்கலாம்.”

“வர்றேன் சார். ஆனா... நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நிஜமாவே அப்படி ஒரு சட்டம் இருக்கா?”

போலீஸ்காரர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

“இருக்கு. இதே மாதிரி ஜீப்புக்குப் பின்னால ஒரு படகை இழுத்துட்டுப் போய், ரிவர்ஸ் எடுத்து என் மாமியார் வீட்டுச் சுவரை இடிச்சேன் பாருங்க, அன்னைக்கு நானே போட்டது.”