இடது பக்கத்து டிஸ்க்

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம். சர்வர் ரூம் கேமராவில் சஜி இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். மெஷினின் இடது பக்கத்திலிருந்து ஒரு டிஸ்க்கை உருவினான். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ செய்தான். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

கேமராத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஜெயலக்ஷ்மிக்குத் திக்கென்றது. சாலை பஜார் பக்கத்து அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவள்தான் தலைமை. ஒரே சர்வரை மென்பொருளால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் நோயாளிகள் விவரம், மறு பாதியில் மருந்துக்கடை. இவன் உருவியது நோயாளிகள் பாதியை பூட் செய்து எழுப்புகிற டிஸ்க்குகளில் ஒன்று!

"சஜி, சர்வர் ரூம்ல என்ன பண்ணினே?"

"ஒண்ணுமில்ல மேடம். தூசி தட்டினேன், கேட்டோ" என்று மலையாளம் கலந்து சொன்னான்.

முழுப் பொய்! கண்ணைப் பார்த்துக்கூடப் பேசவில்லையே, பாவி. நோயாளிகள் விவரத்தை வெளியே விற்கிறானோ? கான்ட்ராக்டில் வந்தவன், என்ன வேண்டுமானாலும் செய்வான். இவன் சீட்டைக் கிழிக்காமல் விடுவதில்லை.

இருந்த கோபத்தில் மெஷினைப் போய்ப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் புகாரை எழுதி எடுத்துக்கொண்டு மேனேஜர் ஹரிகுமாரின் அறைக்குப் போனாள்.

வாயைத் திறப்பதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படியே நின்றுபோயின.

இரண்டு பேரும் சர்வர் ரூமுக்கு ஓடினார்கள். சஜி அங்கே நின்றுகொண்டிருந்தான். இடது பக்கத்து பவர் சப்ளை கருகி நாற்றமடித்தது.

ஐந்து நிமிஷம். மெஷின் தானாக எழுந்தது. நோயாளிகள் விவரம் அத்தனையும் திரையில்!

"இடது பக்கம் போயாச்சே, பின்ன எப்படிடே பூட் ஆச்சு?" என்றார் ஹரிகுமார்.

"டிஸ்க் ஒண்ணு, அதோட நகல் ஒண்ணு சார். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி பவர் சப்ளை, ஆனா ரெண்டும் இடது பக்கத்துலயே கெடந்தது. நேத்துதான் நகலை வலது பக்கம் மாத்தினேன்."

"ரெண்டையும் ஒரே பக்கம் மாட்டின மடையன் யாரு?"

சஜி ஜெயலக்ஷ்மியை ஒரு தடவை பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் சார். தெரியாம செஞ்சிட்டேன். அதான் யார்கிட்டயும் சொல்லாம மாத்தினேன்."

"இந்த ஒரு தடவை விடுறேன். இனிமே எதுன்னாலும் மேடத்துக்கிட்ட கேட்டுட்டுச் செய்யி."

ஜெயலக்ஷ்மி கையிலிருந்த புகாரைக் கசக்கினாள்.

சஜி வேலைக்குச் சேர்ந்தே மூன்று மாதம்தான். போன வருஷ ஓணத்துக்கு இரண்டு டிஸ்க்கையும் இடது பக்கமே மாட்டிவிட்டு, 'சோதித்துப் பார்த்தாயிற்று' என்று கையெழுத்தும் போட்டவள் அவள்தான்.