பொள்ளாச்சி ரோடு

டயரின் வெளி ஓரத்தில் விரல் வைத்தார்.

வழவழவென்று இருந்தது. நடுவில் ரப்பர் பட்டன்கள் இன்னும் தேயாமல் அழுத்தமாக நின்றன. ஓரம் மட்டும் மொட்டை.

இப்படித் தேய்வது எங்கே என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இருபத்தாறு வருடம் அரசு பஸ் ஓட்டியவர்.

"அலைன்மென்ட் கோளாறா இருக்குமுங்களா?" என்று டயர்க் கடைக்காரரிடம் கேட்டார்.

கோளாறாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டார். கோளாறு என்றால் சரிசெய்துவிடலாம்.

கடைக்காரர் மெஷினில் ஏற்றிப் பார்த்தார். நாலு சக்கரமும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன.

"வண்டில ஒண்ணுமில்லீங்க. ஓட்டறதுலதான்."

ஓட்டுவது மகள் சிவரஞ்சனி. ஞாயிறுதோறும் விடிவதற்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பொள்ளாச்சியில் ஒரு தோழி வீடு என்று சொல்லியிருந்தாள். கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரை ரோடு கோடு போட்ட மாதிரி கிடக்கும். அதில் ஒரு டயர் இப்படித் தேய வேண்டுமென்றால் பத்து ஜென்மம் ஆகும்.

மலைதான். அதுவும் வளைவில் வேகத்தைக் குறைக்காமல்.



கேட்டுவிடலாம். கேட்டுத்தான் ஒருமுறை கெடுத்துக்கொண்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சிவரஞ்சனி புருஷன் வீட்டை விட்டுப் பெட்டியோடு வந்து நின்றபோது, அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இன்னுங் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமில்ல அம்மிணி?"

அவள் அதே பெட்டியோடு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டாள். ஒன்றரை வருடம் அவர் முகத்தில் முழிக்கவில்லை. அந்த வீட்டில் அவளை ஒரு ஸ்கூட்டரைக்கூட ஓட்ட விடவில்லை என்பதெல்லாம் அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இந்தச் சித்திரையில்தான் திரும்பி வந்தாள். டாக்டர் சம்பளத்தில் வாங்கிய மஞ்சள் காரோடு. தரையோடு தரையாக, ரெண்டே சீட்டு.

அன்றே அவர் தன் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை அவளே சாவியை நீட்டினாள். "டயர் மாத்தணும்ப்பா. எதுன்னு நீங்களே பாத்துப் போடுங்க." அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் அந்தச் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

கடைக்காரர் இரண்டு டயரை எடுத்து நிறுத்தினார்.

ஒன்று மெத்தென்ற ரப்பர். சீக்கிரம் தேயும். ஆனால் மழையிலும் வளைவிலும் ரோட்டை விடாது. மற்றது கெட்டி. இரண்டு மடங்கு உழைக்கும். வளைவில் அந்தப் பிடி இருக்காது.

"டாக்டரம்மா எப்படிங்க ஓட்டுவாங்க?"

"மெதுவாத்தான்."

கடைக்காரர் கழற்றிய டயரைப் பார்த்தார். அவரைப் பார்க்கவில்லை.

மெத்தென்றதைப் போட்டால், பிடிக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் அழுத்துவாள். கெட்டியைப் போட்டால் அதே வேகத்தில்தான் போவாள். டயர் விட்டுவிடும். பயந்து குறைத்துக்கொள்வாள் என்று நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. அவர் பெற்ற பெண், அவருக்குத் தெரியாதா.

எப்படிப் பார்த்தாலும் மலைக்குப் போவது அவள். கடையில் நிற்பது அவர்.

ரொம்ப நேரம் நின்றார். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆடை கட்டி ஆறிப்போனது.

"பிடிக்கிறதையே போடுங்க."

மாட்டி முடித்துச் சாவியைக் கொடுக்கும்போது கடைக்காரர் சொன்னார். "புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்குமுங்க. முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாப் போகச் சொல்லுங்க. ஓரமெல்லாம் கொஞ்சம் தேயணும். அப்பறந்தான் பிடிக்கும்."

போகச் சொல்லுங்க. கடைக்காரர் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

இன்றைக்குச் சனிக்கிழமை. விடிந்தால் ஞாயிறு.

வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். அவர் இடது பக்கம் திரும்பினார்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினார், பழைய பஸ் வேகத்தில். பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். கேரட் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரிகூட முந்திக்கொண்டு போனது. அதன் டிரைவர் மஞ்சள் காரையும் உள்ளே இருந்த நரைத்த தலையையும் பார்த்துச் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார். இந்த ஓரம், அந்த ஓரம். பதினாலு வளைவு. குன்னூரில் திருப்பிக்கொண்டு இறங்கும்போது மறுபடியும் பதினாலு.

ஏழாவதில் பாறையிலிருந்து ஐப்பசித் தண்ணீர் கசிந்து ரோட்டின் குறுக்கே ஓடியது. காரை ஓரங்கட்டி இறங்கினார். செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தார்.

பாசி.

இதைத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சிவரஞ்சனி டூட்டி முடிந்து வந்தாள். வந்ததும் கார் கதவைத் திறந்து மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்தாள்.

"எங்க போயிட்டு வந்தீங்கப்பா?"

"பொள்ளாச்சிக்கு."

அவள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். வெளி ஓரத்தில் விரல் வைத்தாள். புது ரப்பரின் மினுமினுப்பு அங்கே போயிருந்தது.

அவர் வாசலிலேயே நின்றார். கத்துவாள் என்று நினைத்தார். பெட்டியை எடுப்பாளோ என்றும் பயந்தார்.

விரலை எடுக்காமல், அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"பொள்ளாச்சி ரோடு எப்படிப்பா இருக்குது?"



"ஏழாவது வளைவுல பாசி கிடக்குது அம்மிணி."