பூட்டிக் கிடந்த குட்டி அறை

ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள் பார்ட்டிஷன் எனும் நாலு அறைகள் இருந்தன. அதற்குமேல் கட்ட அதன் விதியில் இடமில்லை. கம்ப்யூட்டரை ஓட்டும் புது சிஸ்டத்தைச் சுமந்து வந்த பென்டிரைவ் வாசலிலேயே நின்றது.

"பின்னாடி இவ்வளவு காலியிடம் கிடக்கே அக்கா!"

"ஐந்தாவது அறை எழும்பாதுடா தம்பி. ஒன்றை இடிச்சாத்தான் இன்னொன்று."

"போட்டோ அறையை இடிச்சிடட்டுமா?"

"ஐயோ, அதில் குழந்தையோட முதல் சிரிப்பு இருக்குடா!"

"சரி, பூட்டிக் கிடக்கிற அந்தக் குட்டி அறையில் என்ன இருக்கு?"

"பழைய சிஸ்டத்துக்கு ஆபத்துன்னா எடுத்துக்க வச்ச மருந்து."

"அந்தப் பழையவர் போய், அவர் அறையில் பாட்டுங்க குடியேறியே வருஷமாச்சே அக்கா!"

ஹார்ட் டிஸ்க் பூட்டை உடைத்துக் குட்டி அறையை இடித்தது. பின்னாடி கிடந்த காலியிடத்தில் புது அறை எழும்பியது. போட்டோக்கள் பிழைத்தன.

புது சிஸ்டம் வலது காலை வைத்து உள்ளே வந்து, நாலு பக்கமும் பார்த்தது.

"அழகா இருக்கு அக்கா. எனக்கு ஆபத்துன்னா எடுத்துக்க மருந்து வச்சு, பூட்டு போட்ட குட்டி அறை எங்கே?"